பட்டியலில் இருபத்திரண்டாவது சாமி

ஆடி மாதம் வந்தால் எங்கள் அச்சகத்தில் ஈ ஓட்டுவதுதான் வேலை. கல்யாணப் பத்திரிகை கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது. வருவதெல்லாம் கொடை அழைப்பிதழ்கள்தான். ஊர்ச் சாமிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை மேளம், வில்லுப்பாட்டு, படைப்பு என்று எடுக்கிற விழாவைத்தான் எங்கள் பக்கம் கொடை என்போம். அதிலும் பெரிய வேலை ஒன்றுமில்லை. போன வருடத்து அழைப்பிதழைத் திறந்து, தேதியை மாற்றி, செத்துப்போனவர்கள் பெயரை எடுத்துவிட்டு, புதிதாகப் பணக்காரர் ஆனவர்கள் பெயரைப் போட்டால் முடிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அச்சகத்தில் நான் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. அந்த வேலைக்குப் போக நான் வீட்டில் நடத்திய போரைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அப்பா தாலுகா ஆபீஸில் மனுக்கள் பிரிவில் குமாஸ்தா. இருபத்தைந்து வருடமாக ஊராரின் பிராதுகளை வாங்கிவாங்கி அடுக்கியவர். ஒரு பிராது வந்த இடத்தில் ஒன்பது வரும் என்பது அவர் கண்ட உண்மை. கடைசியில் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. ஆனா உன் வேலையப் பத்தி ஒத்த பிராது வந்துச்சுன்னா, அன்னைக்கே வேலய விட்டுட்டு வீட்ல இருந்துக்கிடணும். சம்மதமா?"

சம்மதித்தேன். வீட்டில் நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் யாராவது எழுப்பி ஒரு வேலை சொல்வார்கள். அச்சகத்தில் எனக்கென்று ஒரு மர நாற்காலி இருந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஆனால் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை அதிலிருந்து என்னை எழுப்ப ஒருவருக்கும் உரிமை இல்லை. அந்த நாற்காலிக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அச்சகத்தில் என்னோடு இன்னொருத்தி இருந்தாள். படம் வரைவது, ஓரப்பூ போடுவது அவள் வேலை. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பொய் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை விட்டிருந்தாள்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். எங்கள் பக்கம் மரியாதையாகக் கூப்பிட வேண்டிய ஆண் யாரானாலும் அண்ணாச்சிதான், கடைக்குள் மட்டும் அது அவருக்குப் பெயர். அவர் பேசவே மாட்டார். புருவத்தால் நடத்தினார் கடையை. ஒரு புருவம் ஏறினால் 'என்ன நடக்கிறது', இரண்டும் ஏறினால் 'இன்னும் முடியவில்லையா', இரண்டும் சேர்ந்து இறங்கினால் அன்றைக்குத் தேநீர் கிடையாது.

அவருடைய மச்சினர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு பிளாப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. விளையாட்டு என்னவோ பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். குகைக்குள் போவோம், ஏதோ ஒன்று கடிக்கும், செத்துப்போவோம். ஆனால் அதனுடன் ஒரு வரலாறும் இருந்தது. பக்கம் பக்கமாகப் போனது. உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்த ஆதி இனங்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யார் எந்த மலையை யாரிடமிருந்து பிடுங்கினார்கள், யார் யாரோடு ஆயிரம் வருடம் பேசாமல் இருந்தார்கள். அவள் வாசித்துச் சொல்லச்சொல்ல, அப்பா ஆபீஸில் ஏதோ பட்டா தகராறைக் கேட்பது மாதிரியே இருந்தது எனக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. அவர்களுடைய ஆதி இனம் அத்தனையும் நெட்டையாக, வெளுப்பாக, கூரான காதோடு இருந்தது.

"உலகத்துக்கு முன்னால இருந்தவன் எதுக்குட்டி வெள்ளைக்காரன் மாதிரி இருக்கணும்?" என்றேன்.

"அப்போ உன் மாதிரி இருக்கட்டும். நாம எழுதுவோம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் ஆடி மாதம் பிழைத்தது. அச்சில் வீணாய்ப்போன கல்யாணப் பத்திரிகைகளை அட்டையாக வெட்டினோம். ஒரு பக்கம் 'அன்புடையீர்' என்றிருக்கும், மறுபக்கம் ஓர் ஆதிப்பிறவி. உருட்டுவதற்குத் தாயக்கட்டை. எங்கள் உலகத்தில் பொதிகை மலையும் தாமிரபரணியும் அப்படியே இருந்தன, மனிதர்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பாணதீர்த்த அருவிக்குப் பின்னால் பாசிமூப்பர் என்ற இனம் இருந்தது. உடம்பெல்லாம் பாசி. அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் முந்நூறு வருடம் கழித்துப் பதில் வரும். அந்தப் பதில் 'நாளைக்கு வா' என்பதாக இருக்கும். இதை நான் அப்பாவின் ஆபீஸில் இருந்து எடுத்தேன். ஆற்றடியில் நடந்தே போகிற நீர்க்காலிகள் என்று ஓர் இனம். எந்தப் படித்துறையில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் அவர்களுக்குத் தெரியும். புருவர் என்று ஓர் இனத்துக்கு வாய் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை பேருக்கும் மூத்தவன் முன்னிருட்டான். வெளிச்சம் உண்டாவதற்கு முன்னால் இருந்த இருட்டில், அவன் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தான். உலகத்தைப் படைத்தபோது யாரும் அவனை எழுப்பவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டுதான் ஆறு ஓடியது, அவன் முதுகின்மேல்தான் மலை வளர்ந்தது. இன்றும் தூங்குகிறான். சத்தம் கேட்டு விழித்தால் உலகம் இருக்காது. ஒவ்வொரு பிறவிக்கும் உணவு என்ன என்று அட்டையில் ஒரு கட்டம் உண்டு. முன்னிருட்டானுக்கு அவள் மக்ரூன் என்று எழுதியிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து அவள் சித்தி அந்த வாரம் மக்ரூன் என்ற முந்திரிப் பலகாரத்தைக் கொண்டுவந்திருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

"உலகத்துக்கு முன்னால மக்ரூன் எங்கட்டி கெடைச்சுது?"

"கெடைக்கல. அதான் தூங்குதான்."

இந்த ஆதி இனங்களின் பட்டியலை நான் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தேன். தனியாக வைத்தால் அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவார் என்று, அப்போது கையில் இருந்த ஒரு கொடை அழைப்பிதழின் அடியிலேயே, அடுத்த பக்கத்தில் ஒளித்து வைத்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மேலே உருட்டிவிடுவேன். திரையில் சுடலைமாடன் வந்து நிற்பார், அண்ணாச்சியின் புருவம் இறங்கிவிடும்.

அந்த அழைப்பிதழ் விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊருக்கானது. கோயிலில் இருபத்தொரு சாமிகள். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு சாமி பெயர்கூட விடாமல் அழைப்பிதழில் போட வேண்டும். விட்டால் அந்தச் சாமி கோபித்துக்கொள்ளும். கொடை கமிட்டித் தலைவர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிஷின் சத்தத்துக்கு நடுவில் முப்பது வருடம் பேசிய ஆள், எதிரில் நின்று வணக்கம் சொன்னாலே காது அடைக்கும். பட்டியலை இரண்டு பத்தியாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். அப்படிப் பிரிக்கும்போது, பக்கத்தைப் பிரித்து வைத்திருந்த கோடு அழிந்து, அடியில் ஒளிந்திருந்த பட்டியலின் முதல் பெயர் மட்டும் மேலே ஏறி இரண்டாவது பத்தியின் கடைசியில் உட்கார்ந்துகொண்டது. இருபத்தொன்றாக இருந்திருந்தால் ஒரு பக்கம் குட்டையாக இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்கும். இருபத்திரண்டாகிவிட்டதால் இரண்டு பத்தியும் சமமாக, அழகாக நின்றன. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

மெய்ப்புப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். தலைவர், தலைவர் என்று போட்ட இடத்தைப் பார்த்தார். செயலாளர் செயலாளரைப் பார்த்தார். பொருளாளர் தன் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவினார். "ஜோரா இருக்கு" என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாமி பெயர்களைச் சரிபார்க்க சாமிகள் யாரும் வரவில்லை.

கட்டுக் கட்டாக அழைப்பிதழ் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து, மேஜையில் மீந்து கிடந்த ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டிருந்தவள் திடீரென்று விசிறுவதை நிறுத்தினாள். பிறகு மேஜைக்குக் கீழே போய்விட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

நான் வாங்கிப் பார்த்தேன். பேச்சியம்மன், பிரம்மசக்தி, தளவாய்மாடன், முண்டன், பலவேசக்காரன், முன்னிருட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிராது என்றால் இதைவிடப் பெரிய பிராது என்ன இருக்க முடியும்? ஒரு ஊர்க் கோயிலில் ஒரு சாமியை உற்பத்தி செய்து அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் மனுக்கள் பிரிவில் இதற்குத் தனி ஃபைலே திறப்பார்கள்.

மறுநாள் மாடிப்படியில் தலைவரின் குரல் அவருக்கு முன்னால் ஏறி வந்தது. நான் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டேன்.

"தாயி, அழைப்பிதழ் அடிச்சது நீதான?"

"ஆமா அண்ணாச்சி."

"அந்தக் கடைசிப் பேரு..." என்று அழைப்பிதழை விரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் செருப்புக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "நல்ல வேல செஞ்ச தாயி. விட்டுப்போன சாமிய நீதான் எடுத்துக் குடுத்திருக்க. எங்க அய்யா காலத்துல இருந்தவரு. நடுவுல எந்த மூதியோ மறந்துட்டான். அதான் மூணு வருசமா ஊருக்குள்ள ஒண்ணும் வெளங்கல."

பிறகுதான் விஷயம் புரிந்தது. அழைப்பிதழ் வீடு வீடாகப் போனதும் யாரோ ஒருவர், இது யார் என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லக் கமிட்டியில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் 'கேட்ட மாதிரி இருக்கு' என்றிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஒருவர் கனவே கண்டுவிட்டார்.

"அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்தாச்சு" என்றார் தலைவர். "இனி படைப்பு வைக்காம விட்டா அவரு சும்மா இருப்பாரா? பீடம் போட்டாச்சு. என்ன படைப்புன்னுதான் தெரியல. நீ பழைய தாளு எதையும் பாத்துத்தான போட்டிருப்ப?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து அண்ணாச்சியின் ஒற்றைப் புருவம் எட்டிப் பார்த்தது. வாயை மூடினேன். அதற்குள் என் பக்கத்தில் இருந்தவள் இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துவிட்டாள். தலைவருக்குத் தெரிந்தது 'அன்புடையீர்' பக்கம் மட்டும்தான்.

"படைப்பு, மக்ரூன்" என்று வாசித்தாள்.

"தூத்துக்குடி மக்ரூனா?"

"ஆமா அண்ணாச்சி. வேற ஊர் மக்ரூன் ஏத்துக்கிட மாட்டாரு."

தலைவர் யோசித்தார். "அதுல முட்ட சேரும்லா?"

"வெள்ளைக்கரு சேரும்."

"அப்போ சைவம் இல்ல. துடியான சாமி" என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி. "வேற என்ன போட்டிருக்கு?"

"மேளம் ஆகாது. தூக்கத்துல இருக்காரு. முழிச்சா உலகம் இருக்காது."

"மைக்செட்ட அமத்திருவோம்" என்றார் தலைவர், உலகம் இருக்காது என்பதைக் கொஞ்சமும் பெரிதுபடுத்தாமல்.

அவர் போனதும் நான் அவளை அடிக்கவே போனேன். "ஏட்டி, இப்போ சொல்லிருந்தா ஒரு தப்பு. இனிமே சொன்னா மோசடி!"

"அதனாலதான் சொல்லாத" என்றாள் நிதானமாக. அவளுக்கு என்ன? அவள் அப்பா பிராது நிபந்தனை எதுவும் போடவில்லை.

தலைவர் அதோடு விட்டாரா? மரியாதை செய்கிறேன் என்று எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து, தேங்காய் பழத்தோடு அழைப்பிதழ் வைத்துவிட்டுப் போனார். அப்பா எந்த அழைப்பிதழ் வந்தாலும் மனு மாதிரி முதல் வரியிலிருந்து அச்சக முகவரி வரைக்கும் படிப்பவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றேன்.

"ஏளா, இந்த முன்னிருட்டான் யாரு?"

"கமிட்டில குடுத்த லிஸ்ட்டுப்பா."

"நான் கேள்விப்பட்டதில்லயே. சரி, கொடைக்குப் போவோம்லா, நேர்லயே கேட்டுருவோம்."

கொடை வெள்ளிக்கிழமை. காலை பஸ்ஸில் அப்பாவும் நானும் அவளும் போனோம். ஆடிக் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் மண்ணை அள்ளிப் போட்டது. என் வேலையின் கடைசி நாள் இதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவள் மட்டும் ஒரு டப்பாவை மடியில் வைத்திருந்தாள். கேட்டால், 'படைப்புக்கு' என்றாள். சித்தியிடம் சொல்லி வரவழைத்த மக்ரூனாம்.

கோயில் ஆலமரத்தடியில், கால்வாய் ஓரமாக இருந்தது. வரிசையாகச் சாமிகளின் பீடங்கள். கடைசியில் ஈரச் சுண்ணாம்பு காயாத ஒரு புதுப் பீடம், மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். அதைப் பார்த்ததும் நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவள் மட்டும் ஓவியக்காரியின் கண்ணோடு, "செவப்புப் பட்டை கொஞ்சம் கோணல்" என்றாள்.

வில்லுப்பாட்டுக்காரரிடம் புதுச் சாமியின் கதையையும் பாடச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் தொழில் தெரிந்தவர். "இவர் கதையைப் பாடினால் கேட்பவர் தாங்கமாட்டார்கள், ஆகையினால் பாடாமல் விடுகிறேன்" என்று பாடிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். ஜனங்கள் பயத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்பா நேராகத் தலைவரிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணாச்சி, இந்த முன்னிருட்டான்னு போட்டிருக்கே, அவரு என்ன வரலாறு?"

தலைவருக்கு ஒரு கணம் கண் சுருங்கியது. அவ்வளவுதான். அடுத்த கணம் அருவி திறந்துகொண்டது. சூரியனுக்கு முந்திப் பிறந்தவர், அகத்தியர் பொதிகைக்கு வந்தபோதே அங்கே படுத்துக் கிடந்தவர், அவரைத் தாண்டிப் போக பயந்துதான் ஆறு அந்த இடத்தில் வளைகிறது. நாங்கள் எழுதாததெல்லாம் வந்தது. எங்களுக்கு இவ்வளவு தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. சொல்லி முடித்து, "ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?" என்று ஒரு போடு போட்டார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். பத்துப் பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாம என்ன? பழைய ஏடுகள்ல உண்டு" என்றார் அப்பா.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் என் முதுகில் கிள்ளினாள். அந்த நிமிடம் நான் இனி இந்த உலகத்தில் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

உச்சி வேளையில் மதியக் கொடை. வரிசையாகப் படைப்பு நடந்து கடைசிப் பீடத்துக்கு வந்தார்கள். தலைவர் கையைத் தூக்கினார். மைக்செட் நின்றது. தவில்காரர் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். விடிந்ததிலிருந்து அலறிக்கொண்டிருந்த இடம் அப்படியே அடங்கிப்போய், கால்வாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. வாழை இலையில் மக்ரூன் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன்.

அப்போது ஒருத்தி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் பீடி இலைக் கறை. பீடத்தின் முன்னால் முட்டுப் போட்டு, சத்தம் வரக்கூடாது என்பதற்காக முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த அமைதி முழுவதும் அழுதாள். எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மேளம் மறுபடி தொடங்கியதும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"தங்கச்சி, நீங்கதான் இவரக் கண்டுபிடிச்சதுன்னு சொன்னாவ. இவரு கேப்பாரா?"

"என்ன கேட்டீங்க?"

"எங்க வீட்ல உள்ளவுக பம்பாய்க்குப் போயி நாலு வருசமாச்சு. மொத வருசம் ரெண்டு கடுதாசி வந்துது. பொறவு ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்காவளான்னு தெரிஞ்சாப் போதும்."

பத்தடி தூரத்தில் தலைவர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அப்பா. 'கேப்பாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் நாற்காலி பத்திரம். சொல்ல முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளைக் கால்வாய்க் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"எக்கா, இது சாமி இல்ல. நாங்க ரெண்டு பேரும் வெளையாட்டுக்கு எழுதின பேரு. நான் தப்பா அடிச்சிட்டேன். நீங்க வேணும்னா தலைவர்ட்ட சொல்லுங்க. தப்பு என்னுதுதான்."

கோபப்படுவாள், கத்துவாள் என்று நின்றேன்.

"மத்த இருபத்தொரு பேர்ட்டயும் கேட்டாச்சு தங்கச்சி. வருசா வருசம் கேக்குதேன்" என்றாள். "இவரு ஒருத்தருதான் இன்னும் இல்லன்னு சொல்லல."

பிறகு என் கையைப் பிடித்தாள். "இத வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க, என்ன? இவரையும் எடுத்துருவானுவ."

திரும்பும்போது என் அச்சகத் தோழி கல்லிடைக்குறிச்சியில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும். வண்டி நகர்ந்ததும் அப்பா கேட்டார்.

"அந்தப் பிள்ள உன்கிட்ட என்னத்தச் சொல்லி அழுதா?"

எனக்கு இதற்குமேல் பாரம் தாங்கவில்லை. பிளாப்பியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாசிமூப்பரை மட்டும் விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி இருந்தது. மக்ரூன், தலைவர், கால்வாய்க் கரை, அந்த அக்கா சொன்ன கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னேன். 'பழைய ஏடுகள்ல உண்டு' என்று தான் சொன்னதை நினைத்தாரோ என்னவோ, அப்பாவின் காது சிவந்தது. வீரவநல்லூர் போனது. சேரன்மகாதேவி வந்தது. நான் மனதுக்குள் நாற்காலியிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

"அவ வீட்டுக்காரன் பேரு என்ன?" என்றார் திடீரென்று.

"தெரியாதுப்பா."

"பம்பாய்ல எங்கன வேல பாத்தான்?"

"கேக்கலப்பா."

"எந்த மாசம் போனான்? கூட யாரும் போனாங்களா? அந்த ரெண்டு கடுதாசி இருக்கா? அதுல விலாசம் இருக்குமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு மனு எழுதணும்னா பேரு வேண்டாமா? விலாசம் வேண்டாமா? அங்க உள்ள போலீஸுக்கு என்னன்னு எழுத? நாலு வருசமா அவள ஒருத்தன் இதக் கேக்கல. நீயும் அவ அழுதத வேடிக்க பாத்துட்டு வந்திருக்க. என்னத்த வேல பாக்க நீ?"

என் வேலையைப் பற்றி வந்த ஒரே பிராது அதுதான். கொடுத்தவர் அப்பா. ஆனால் வீட்டோடு இரு என்று அவர் சொல்லவில்லை. "திங்கக்கெழம அர நாள் லீவு சொல்லிட்டு, போயி கேட்டுட்டு வா" என்றார்.

போனேன். அவள் வீட்டுக்குள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கடிதங்களையும் எடுத்து வந்தாள். ஒரு கடிதத்தின் மூலையில் பாதி அழிந்த விலாசம் இருந்தது. எழுதிக்கொண்டேன். அவர் எந்த மாதம் போனார், கூடப் போன ஆள் யார், எல்லாம் எழுதிக்கொண்டேன். கடைசியாகப் பெயர் கேட்டேன். கடிதத்தில் பெயர் இல்லை, கோணலாக ஒரு கையெழுத்துதான் இருந்தது.

"அவுக பேர நான் சொல்லணுமா?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று வாசலைப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. நான் பேனாவோடு காத்திருந்தேன்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருதரம்கூடச் சொல்லாத பெயரை, மெதுவாகச் சொன்னாள். நான் எழுதினேன். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது இன்னொருதரமும் சொன்னாள், நான் கேட்காமலே, நல்ல சத்தமாக.